சாட்சியுள்ள வாழ்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவர்கள் தம்மைச் சுற்றியிருப்போருக்கு நல்ல சாட்சியாக, அதாவது தம் விசுவாசத்தை வாழ்க்கையால் காட்டுகிறவர்களாக வாழ வேண்டும் என்று சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. அந்த வாஞ்சையோடு புறப்படுகிற பலர், அன்பு இல்லாமையினால் அல்ல, அவசரத்தினாலேயே பிறரை விசுவாசத்தை விட்டு இன்னும் தூரமாக்கிவிடுகிறார்கள் என்பது என் கவலை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒருவரை மாற்றவேண்டும் என்பதற்காகவே அவரோடு பழகுவதாகும். நோயுற்ற நண்பருக்கு ஓடியோடி உதவிவிட்டு, அவர் ஆராதனைக்கு வர மறுத்ததும் நலம் விசாரிப்பதையே நிறுத்திக்கொண்டால், இதுவரை காட்டிய அன்புக்கு ஒரு விலை இருந்தது என்பதை அவர் புரிந்துகொள்வார். அதன்பின் நாம் எதைச் சொன்னாலும் அது அவர் மனதில் ஏறாது. லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்குகிறார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன் மட்டுமே, அவனும் ஒரு சமாரியன். மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று அவர் கேட்டாரே தவிர, அவர்கள் பெற்ற சுகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அங்கே எழுதப்படவில்லை.

அடுத்தது, கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வது. நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றுதான் இயேசுவின் சீடரான பேதுரு தம் முதல் நிருபத்தில் (கடிதத்தில்) எழுதுகிறார். அதையும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறார். விசாரித்துக் கேட்கும்படியான ஒரு வாழ்க்கை முதலில் இருக்கவேண்டும் என்பது அந்த வசனத்திலேயே அடங்கியிருக்கிறது.

இந்த அவசரம் மிகவும் காயப்படுத்துவது துக்க வீட்டில்தான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் அருகில் அமர்ந்து, எல்லாம் தேவசித்தம், இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று சொல்கிறவர் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைக்கிறார். அவளோ தன் கண்ணீருக்கு இங்கே இடமில்லை என்று உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேதத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் மூன்று நண்பர்களும் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. அவனுடைய பாடுகளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள், முடிவில் கர்த்தருடைய கோபத்துக்கும் ஆளானார்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்த இயேசுவும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்ற அப்போஸ்தலனாகிய பவுலின் வார்த்தையைக் கைக்கொள்ள வேதபாண்டித்தியம் எதுவும் தேவையில்லை.

வேலையிடத்தில் வேறு விதமான தவறு நேர்கிறது. மேசையில் வசன அட்டை இருக்கும், காலை வணக்கத்தோடு ஒரு வேதவாக்கியமும் எல்லோருக்கும் வரும். ஆனால் உடன் பணிபுரிகிறவர் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த அறிக்கை மேலதிகாரியிடம் போகும்போது அதில் அவர் பெயர் இருக்காது. அந்த ஒரு செயல், அனுப்பிய அத்தனை வசனங்களையும் பொய்யாக்கிவிடும். அந்நிய அரசனிடம் உயர் அதிகாரியாயிருந்த தானியேலிடம் குற்றம் தேடியவர்களுக்கு அவனுடைய அரசாங்கப் பணியில் யாதொரு குற்றமும் குறைவும் அகப்படவில்லை. தேவனைப் பற்றிய வேதவிஷயத்தில் தவிர வேறெதிலும் அவனைக் குற்றப்படுத்த முடியாது என்று அவனுடைய விரோதிகளே சொல்லவேண்டியதாயிற்று.

நல்ல சாட்சி என்றால் குறையே இல்லாதவராகத் தோன்றவேண்டும் என்று எண்ணுவதும் தவறே, இது வீட்டில்தான் முதலில் அம்பலமாகும். பிள்ளைகளிடம் அநியாயமாகக் கோபப்பட்டுவிட்டு, எதுவும் நடவாததுபோல் குடும்ப ஜெபத்துக்கு அழைக்கிற பெற்றோரைவிட, நான் செய்தது தவறு, என்னை மன்னித்துவிடு என்று சொல்கிற பெற்றோரிடமிருந்தே பிள்ளைகள் மனந்திரும்புதலைக் கற்றுக்கொள்கிறார்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயு மனம் வருந்தியதோடு நின்றுவிடாமல், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்பதோடு இழப்பை ஈடுசெய்வதும் சேரும்போதுதான் நம் வார்த்தையை மற்றவர் நம்புவார்.

நற்கிரியைகளை விளம்பரமாக்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. மனுஷர் நம் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று மத்தேயு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதிருங்கள் என்று 6-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. உதவி பெறுகிறவரின் முகத்தைப் படமெடுத்துப் பலருக்கும் அனுப்பும்போது புகழ் யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

கடைசியாக, பலனை நாமே அளக்க முற்படும் தவறு. நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று தம் உடன் ஊழியனைக் குறிப்பிட்டு எழுதிய பவுல், வளர்ச்சியைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு நண்பர், இனி இந்த விஷயத்தை என்னிடம் பேசவேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அதை மதித்துப் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும்; முன்போலவே அவருடைய வீட்டு விசேஷங்களுக்குப் போகவேண்டும், அவருக்கு ஓர் அவசரம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கவும் வேண்டும்.