பழைய பெயிண்ட் டேங்கில் ரெசின் வார்க்க: வாங்குமுன் மூடியைப் பாருங்கள்

எப்பாக்ஸி போன்ற ரெசினில் குமிழ் தங்காமல் வார்க்க பிரஷர் பாட், அதாவது காற்றழுத்தத்தால் குமிழைச் சுருக்கும் மூடிய பாத்திரம், வேண்டும். புதிது வாங்கக் காசு பத்தாதவர்களுக்கு, ஸ்ப்ரே பெயிண்டிங் பட்டறைகள் கழித்துப்போடும் பெயிண்ட் டேங்க் நல்ல வழி. மதுரையில் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள பட்டறைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் 10 அல்லது 20 லிட்டர் டேங்க் கேட்டுப் பாருங்கள். கிளம்பும்போது உங்கள் பெரிய அச்சின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். லிட்டர் கணக்கை நம்பி வாங்கி, வாய்க்குள் அச்சு நுழையாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டுக் குக்கரை மாற்றிச் செய்யும் யோசனையே வேண்டாம். குக்கர் சுமார் 1 கிலோ அழுத்தத்துக்காகச் செய்தது. ரெசினுக்கு வேண்டியது 40 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ. 25 செ.மீ. விட்டமுள்ள மூடியை அந்தக் காற்று கிட்டத்தட்ட 1,400 கிலோ விசையோடு மேலே தள்ளும். அத்தனையையும் தாங்கிப் பிடிப்பது நாலைந்து போல்ட்டுகள்தான்.

அதனால் முதலில் மூடி. போல்ட் உட்காரும் காதுகளின் அடிமூலையில்தான் விரிசல் விடும். காற்று கசிகிறதென்று யாராவது ஸ்பேனரில் பைப் மாட்டி போல்ட்டை முறுக்கியிருந்தால், வார்ப்பு அலுமினிய மூடி அந்த இடத்தில்தான் தோற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. தின்னரால் அழுக்கைத் துடைத்துவிட்டு, காதைச் சுற்றி டீசல் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்து விடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் ஊறி வந்து, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஈரக்கோடு போடும். கோடு தெரிந்தால் அந்த டேங்க் வேண்டாம். ‘வெல்டிங் வச்சுக்கலாம்ணே’ என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம்.

போல்ட்டுகளின் மரையைக் கையால் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். வளைந்ததையும் மரை தேய்ந்ததையும் அதே தடிமன், அதே தரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து உடம்பு. உள்ளே டார்ச் அடித்து, அடிப்பாக வெல்டிங் வளையத்தைப் பாருங்கள். கம்ப்ரசர் காற்றோடு வரும் தண்ணீர் தேங்குவது அங்கேதான். பழைய பெயிண்ட் படலம் துருவை மறைத்திருக்கும், சுரண்டித்தான் பார்க்க வேண்டும். மேலாகப் படிந்த துரு உப்புத்தாளில் போய்விடும். குழி குழியாக அரித்திருந்தால் தகடு மெலிந்துவிட்டது. வெல்டிங்கை ஒட்டிச் சொட்டை விழுந்ததும், ஒட்டுப்போட்டதும், பெயர்ப்பலகை இல்லாததும் ஒதுக்க வேண்டியவை. பலகையில் அதிகபட்ச அழுத்தம் குறைந்தது 60 பிஎஸ்ஐ என்று இருக்கட்டும்.

சேஃப்டி வால்வு, அழுத்தம் காட்டும் கேஜ், மூடி கேஸ்கட் மூன்றையும் கேள்வியே இல்லாமல் புதிதாகப் போடுங்கள். பழைய வால்வில் பெயிண்ட் இறுகி, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. புது வால்வு 50 பிஎஸ்ஐ-யில் திறப்பதாகவும், கேஜ் 100 வரை காட்டுவதாகவும் இருந்தால் வசதி. பெயிண்ட் வெளியேறும் குழாயையும் கலக்கியையும் கழற்றி, அந்தத் துளைகளை டெஃப்லான் டேப் சுற்றிய இரும்பு பிளக்கால் அடையுங்கள்.

இனிதான் உண்மையான சோதனை, அதுவும் தண்ணீரில். காற்று அமுங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்கும், டேங்க் விட்டால் சிதறும். தண்ணீர் அமுங்காது, விட்டால் பீய்ச்சியடித்து நின்றுவிடும். வால்வையும் கேஜையும் கழற்றித் துளைகளை அடைத்து, காற்று துளியும் இல்லாமல் தண்ணீரை முட்ட நிரப்புங்கள். பிளம்பர்கள் குழாய் சோதிக்கும் கைப்பம்பை வாடகைக்கு வாங்கி, 60 பிஎஸ்ஐ வரை ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். பம்பில் உள்ள கேஜின் முள் இறங்கக்கூடாது, மூடி விளிம்பு நனையக்கூடாது, காது வளையக்கூடாது.

அது தேறினால், வால்வையும் கேஜையும் திரும்ப மாட்டிவிட்டுக் காற்று. போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 20-இல் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு 40-க்கு ஏற்றுங்கள். காற்று போகும் வழியில் உள்ள பால் வால்வை (ball valve) மூடியதும் முள் சற்று இறங்கும். கம்ப்ரசரின் சூடான காற்று குளிர்வதால் வருவது அது. பத்து நிமிடம் கழித்து மறுபடி 40 ஆக்கி, அதன் பிறகு ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எப்பாக்ஸி இறுக ஒரு நாள் ஆகலாம், அதுவரை அழுத்தம் நிற்க வேண்டும். பாதியில் இறங்கினால் சுருங்கிய குமிழ்கள் மறுபடி பெருத்துவிடும்.

சித்திரை வெயிலில் ரெசின் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்ப முடியாது. சூட்டில் எப்பாக்ஸி சீக்கிரம் இறுகும், கலக்குமுன்பே கம்ப்ரசரை நிரப்பி வையுங்கள். கல்யாண மாலை மல்லிகையை வார்ப்பவர்கள் பூவைச் சிலிக்கா ஜெல்லில் நன்றாக உலர்த்திய பிறகே ஊற்ற வேண்டும், ஈரப்பூ பழுத்துப்போகும். சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில் வைத்தே இறுக விடுங்கள். சாதாரணமாக வார்த்த அச்சுக்குள் குமிழ் இருந்தால், அழுத்தத்தில் அது அமுங்கி, வார்ப்பின் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

மூடியைத் திறக்கும் முன் பால் வால்வைத் திறந்து, காற்றுச் சத்தம் நின்று, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் போல்ட்டில் கை வைக்க வேண்டும்.