பழைய புகைப்படத்தில் இருப்பது எந்த 88? ஃப்ளாக் 18, 36, 37 பிரித்தறியும் முறை

ஜெர்மானியச் சிப்பாய்களின் பழைய ஆல்பங்களைப் புரட்டினால், நாலு பக்கத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீளமான பீரங்கி வானத்தைப் பார்த்து நிற்கும். 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி, சுருக்கமாக 88. விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு ஜெர்மானியர் வைத்த சுருக்கப் பெயர்தான் ஃப்ளாக், பின்னால் வரும் எண் அதன் மாதிரி. இணையத்தில் இந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் 'ஃப்ளாக் 36' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயர் தவறாக இருந்தால், படம் எடுத்த ஆண்டும் இடமும் சேர்ந்து தவறாகிவிடும். பிரித்தறிவது பழகக்கூடிய வேலைதான், ஒரு லென்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப்போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியைக் கட்டிப்போட்டிருந்ததால், க்ரூப் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் ஸ்வீடனில் போஃபர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 1931 வாக்கில் எஸென் நகருக்குத் திரும்பி இந்த 88-ஐ முடித்தார்கள். 1933-இல் படைக்கு வந்த அதற்கு 'ஃப்ளாக் 18' என்று பெயர் வைத்தார்கள். 1918-இலேயே இருந்த பழைய பீரங்கி என்று வெளியுலகம் நினைக்கட்டும் என்பதற்காக அந்த 18. பின்னால் ஃப்ளாக் 36 வந்தது, அதைத் திருத்தி ஃப்ளாக் 37. மூன்றும் ஒரே குண்டை ஒரே வேகத்தில், நொடிக்குச் சுமார் 820 மீட்டரில், சுட்டன. வித்தியாசம் குழாயின் கட்டமைப்பிலும், தாங்கும் வண்டியிலும், குறிபார்க்கும் கருவியிலும்தான்.

படி 1: படத்தைச் சரிபாருங்கள்

முடிந்தால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். பென்சிலில் எழுதிய ஊரோ ஆண்டோ அங்கே இருக்கலாம்.

அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்ட படங்கள் நிறையவே உண்டு. வீரரின் மார்பில் உள்ள கழுகுச் சின்னம் அவருடைய வலது மார்பில் இருக்க வேண்டும். இடதில் இருந்தால் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பீரங்கியிலும் ஒரு சாட்சி உண்டு: குழாய் நீட்டியிருக்கும் திசையில் பார்த்து நின்றால், குறிபார்க்கும் இருவரின் இடம் வலப்பக்கம், குண்டு வெடிக்கும் நேரத்தை அமைக்கும் கருவி இடப்பக்கம்.

படி 2: இது 88-தானா?

பீரங்கி நான்கு கால்களை விரித்துச் சிலுவை வடிவத்தில் தரையில் படுத்திருக்கும். குழாய்க்கு மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை இருக்கும். சுட்டதும் பின்வாங்கும் குழாயைத் தாங்கித் திரும்ப முன்னே தள்ளுபவை அவை. குழாயின் முனை வெறுமனே இருக்கும். முனையில் துளைகள் போட்ட தடித்த மூடி போல ஒன்று தெரிந்தால், நீங்கள் பார்ப்பது இந்த மூன்றில் எதுவும் இல்லை.

அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பயன்படுத்துங்கள். 88-இன் குழாய் ஏறக்குறைய 4.9 மீட்டர், மூன்று ஆட்களை வரிசையாகப் படுக்கவைத்த நீளத்துக்குச் சற்றுக் குறைவு. நாலு ஆள் நீளம் வந்தால் அது 10.5 செ.மீ. ஃப்ளாக் 38 அல்லது 39 ஆக இருக்கலாம். குழாய் கேமராவை நோக்கிச் சாய்ந்திருக்கும் படத்தில் இந்தக் கணக்கு எடுபடாது.

சீனாவில் எடுத்த படமா? அங்கே 1937-இல் நான்ஜிங்கில் ஜப்பானியர் கைப்பற்றிய ஜெர்மானிய 88, கப்பல் பீரங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஃப்ளாக் 18 அல்ல. அதைப் பார்த்துத்தான் ஜப்பானியர் தங்கள் டைப் 99 விமான எதிர்ப்புப் பீரங்கியைச் செய்தார்கள். எண் ஒன்றாக இருப்பதால் பலரும் இங்கே தடுமாறுகிறார்கள்.

படி 3: டயரை எண்ணுங்கள்

இழுத்துச் செல்லும் நிலையில் எடுத்த படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பக்கவாட்டுக் கால்கள் இரண்டும் மேலே மடங்கியிருக்கும். முன்னும் பின்னும் இரண்டு சக்கரத் தொகுதிகள் மாட்டியிருக்கும். ஃப்ளாக் 18-க்கு உரிய 201 எண் வண்டியில், முன் தொகுதியில் பக்கத்துக்கு ஒரு டயர், பின் தொகுதியில் பக்கத்துக்கு இரண்டு. ஆக மொத்தம் ஆறு. ஃப்ளாக் 36-க்கு வந்த 202 எண் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இரட்டை டயர், மொத்தம் எட்டு.

இரண்டு தொகுதிகளும் ஒரே மாதிரி ஆனதால் எதை எந்தப் பக்கம் மாட்டுவது என்ற தொல்லை போனது, பீரங்கியைச் சீக்கிரம் நிறுத்த முடிந்தது. ஓடும்போது கிட்டத்தட்ட 7 டன் எடை உள்ள ஒன்றை இருட்டிலும் சேற்றிலும் இறக்கி ஏற்றியவர்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

சுடும் நிலையில் சக்கரங்களைக் கழற்றி ஓரமாக வைத்திருப்பார்கள். அதனால் படத்தின் ஓரங்களையும் மரத்தடிகளையும் தேடுங்கள். பீரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் சக்கரம் கண்ணில் படாது.

படி 4: முகப்புக் கருவிகள்

37-ஐக் கண்டுபிடிக்க நம்பகமான இடம் இதுதான். வலப்பக்கத்தில் வட்ட முகப்புள்ள இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று திசைக்கு, மற்றொன்று உயரக் கோணத்துக்கு. தூரத்தில் உள்ள கணக்கிடும் கருவியிலிருந்து கம்பி வழியாக அவற்றுக்குத் தகவல் வரும். 18-இலும் 36-இலும் அந்த முகப்பில் வட்ட வட்டமாகச் சின்ன பல்புகள். எந்த பல்பு எரிகிறதோ அதற்கு நேராகத் தன் முள்ளைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 37-இல் பல்புகள் போய்விட்டன. கடிகாரம் போன்ற முகப்பில், வரும் முள்ளோடு தன் முள்ளைப் பொருத்திக்கொண்டே போனால் போதும்.

படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி வரிசையா, கடிகார முகமா என்பது தெரிந்துவிடும். மூடி போட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: குழாய், கடைசியாக

ஃப்ளாக் 36-க்காக உள்குழாயை மூன்று துண்டாகச் செய்தார்கள். சுடச் சுட ஒரு பகுதிதான் அதிகம் தேயும். முழுக் குழாயையும் தூக்கிப்போடாமல் அதை மட்டும் மாற்றலாம் என்பதற்காக. வெளியே பார்த்தால், அப்படிப்பட்ட குழாயில் கழுத்துப்பட்டை போலத் தடித்த வளையம் ஒன்று தெரியும். 18-இன் குழாய் அப்படித் துண்டாகத் தெரியாமல் ஒரே சீராக மெலியும்.

இதை ஏன் கடைசியில் வைத்தேன்? நான் முதன்முதலில் ஒரு படத்துக்கு இந்த வளையத்தை மட்டும் பார்த்து '36' என்று எழுதி, அதை நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். சில மாதம் கழித்து அதே பீரங்கியின் இன்னொரு படம் கிடைத்தது. முன் தொகுதியில் ஒற்றை டயர். இந்தக் குழாய்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டலாம். பட்டறையில் எது கிடைத்ததோ அதைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் ஒரே பானையில் இரண்டு உலைச் சோறு கிடக்கிறது.

இரும்புக் கேடயத்தையும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். தரையில் உள்ள இலக்குகளைச் சுடப் போன பீரங்கிகளுக்கு, எந்த வகையாக இருந்தாலும் அதை மாட்டினார்கள். குழாயில் வெள்ளை வளையங்கள் வரைந்திருந்தால், அவை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்ன இலக்குகள். அப்படியானால் அது போர்க்காலப் படம்.

படி 6: இடமும் உடையும்

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1936 முதல் 1939 வரை, ஃபிராங்கோவுக்கு உதவ ஜெர்மனி அனுப்பிய காண்டோர் படையோடு போனவை ஃப்ளாக் 18. அங்கே எடுத்தது என்று உறுதியானால் பாதி வேலை முடிந்தது. விமான எதிர்ப்புப் படை 1935-இல்தான் தரைப்படையிலிருந்து விமானப்படைக்கு மாறியது. ஆகவே பீரங்கியைச் சுற்றி விமானப்படை உடை தெரிந்தால் படம் அதற்கு முந்தையது அல்ல. பெயின்ட் நிறத்தைக் கறுப்பு வெள்ளையில் ஊகிக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கால ஃபிலிம்கள் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவே விழும்.

சரி, இனி எழுதும் விதம். என்ன பார்த்தீர்களோ அதைத் தனியாகவும், அதிலிருந்து எடுத்த முடிவைத் தனியாகவும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பழைய படத்தின் கீழே இப்போது இப்படி இருக்கிறது: 'வண்டி 201, ஆறு டயர். குழாயில் வளையம் உண்டு. முகப்பு மூடியிருக்கிறது. ஃப்ளாக் 18 வண்டியில் 36-இன் குழாய். ஆண்டு தெரியவில்லை, விமானப்படை உடை, 1935-க்குப் பின்.'