கிராஸ் ஸ்டிட்ச்: முடிச்சே இல்லாமல் நூலைத் தொடங்குவதும் முடிப்பதும்

ஊசியில் நூல் கோர்த்ததும் கை தானாக நுனியில் ஒரு முடிச்சு போட்டுவிடும். பட்டன் தைத்துப் பழகிய கை அப்படித்தான். துணியில் X வடிவத் தையல்களாலேயே படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிட்ச்சுக்கு வந்தால் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். நான் முதன்முதலாகத் தைத்த பூக்கொத்தில் ஒவ்வொரு நூலுக்கும் முடிச்சு போட்டிருந்தேன். கையில் வைத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஃப்ரேமுக்குள் வைக்க அட்டையின் மேல் இழுத்துக் கட்டியபோதுதான் தெரிந்தது, முன்பக்கம் முழுக்க வேர்க்குரு வந்ததுபோல் புடைப்பு. இஸ்திரி போட்டுப் பார்த்தேன், இன்னும் எடுப்பாகத் தெரிந்தது!

புடைப்பு மட்டும் இல்லை. இதற்குப் பயன்படும், கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியின் துளைகள் பெரியவை. முடிச்சு சின்னதாக இருந்தால், நூலைச் சற்று வேகமாக இழுத்ததும் துளை வழியாக முன்னால் வந்துவிடும். பெரியதாகப் போட்டால் பின்னால் வரும் நூலெல்லாம் அதில் போய்ச் சிக்கும். முடிச்சு இல்லாமல் நூல் எப்படி நிற்கும் என்று கேட்டால், தையலே அதைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியில் நுனி மாட்டிக்கொண்டால் போதும், நகராது.

இந்த விளக்கத்துக்கு 14 கவுண்ட் ஐடா துணியை வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். ஊசி 24ஆம் எண், முனை மழுங்கிய டேப்பஸ்ட்ரி ஊசி. எம்பிராய்டரி நூலில் 6 இழை சேர்ந்திருக்கும், அதில் 2 இழையை எடுத்துத் தைப்போம். நீளம் ஒரு முழம், அதாவது 45 செ.மீ. போதும். அடிக்கடி நூல் கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக வெட்டினால், துளைக்குள் போய்ப்போய் வந்தே நூல் பஞ்சு கிளம்பிவிடும்.

கண்ணி போட்டுத் தொடங்குவது

இரண்டு இழையில் தைக்கிறீர்கள் என்றால் இதைவிடச் சுத்தமான தொடக்கம் கிடையாது. நுனி என்ற ஒன்றே இருக்காது.

1. ஒரே ஓர் இழையை இரண்டு முழ நீளத்துக்கு எடுங்கள். ஆறிலிருந்து பிரிக்கும்போது, மற்ற ஐந்தையும் விரல்களுக்கு இடையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் நேராக உருவுங்கள். மொத்தமாகப் பிய்த்தால் சிக்கு எடுக்கவே அரை மணி நேரம் போகும்.

2. எடுத்த இழையைப் பாதியாக மடித்து, வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து ஊசிக்காதில் கோருங்கள். மறுமுனையில் மடிப்பு ஒரு கண்ணியாகத் தொங்கும்.

3. முதல் கட்டத்தின் கீழ் இடது மூலையில், பின்னாலிருந்து ஊசியை முன்னால் கொண்டுவாருங்கள். முழுவதும் இழுத்துவிடக் கூடாது. கண்ணி பின்பக்கம் இரண்டு செ.மீ. அளவுக்கு மிச்சம் இருக்கட்டும்.

4. மேல் வலது மூலையில் ஊசியைப் பின்னால் இறக்குங்கள். துணியைத் திருப்பி, ஊசியை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து மெதுவாக இழுங்கள். சுருக்கு விழுவதுபோல் கண்ணி துணியோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், தைக்க ஆரம்பிக்கலாம்.

மெதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் துளை விரிந்து, அந்த ஒரு தையல் மட்டும் ஒல்லியாகத் தெரியும்.

இந்த முறைக்கு இழைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஓர் இழையிலோ மூன்று இழையிலோ தைக்கும்போது உதவாது. ஒரே நூலில் நிறம் மாறிக்கொண்டே போகும் வகைக்கும் வேண்டாம். மடித்ததும் ஒரு நுனி அடர் நிறமாகவும் இன்னொன்று வெளிர் நிறமாகவும் அருகருகே வந்து, நிறம் மெல்ல மாறும் அழகே போய்விடும்.

நுனியைத் தையலுக்குள் புதைத்துத் தொடங்குவது

கண்ணி முடியாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும். ஊசியை முன்னால் கொண்டுவரும்போது பின்பக்கம் மூன்று செ.மீ. நூலை விட்டுவையுங்கள். நீங்கள் எந்தத் திசையில் தைத்துப் போகிறீர்களோ அந்தத் திசையிலேயே அதைப் படுக்க வைத்து, ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வரிசையாக அரைத் தையல், அதாவது X-இன் ஒரு சாய்கோட்டை மட்டும், போட்டுப் போகும்போது பின்பக்கம் செங்குத்தாகக் கோடு கோடாக விழும் இல்லையா? அந்தக் கோடுகள் படுத்திருக்கும் நுனியைக் கட்டிக்கொண்டே போகும். ஐந்து தையல் ஆனதும் திருப்பிப் பாருங்கள். நுனி வெளியே விலகியிருந்தால் அப்போதே பிரித்துவிடுங்கள். புதிதாகப் பழகும்போது இரண்டாவது தையலிலேயே நழுவிவிடும், எனக்கும் நழுவியது.

விரலால் பிடிப்பது சரிப்படாதவர்கள் ஒரு குறுக்குவழி செய்யலாம். முடிச்சு போடக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது போடச் சொல்கிறேன், ஆனால் இது பிறகு வெட்டி எறிகிற முடிச்சு. நுனியில் முடிச்சு போட்டு, தொடங்கும் இடத்திலிருந்து எட்டுப் பத்துக் கட்டம் தள்ளி, அதே வரிசையில், முன்பக்கத்திலிருந்து ஊசியைக் குத்துங்கள். முடிச்சு முன்னால் உட்கார்ந்திருக்கும். பிறகு தொடக்கக் கட்டத்துக்கு வந்து, முடிச்சை நோக்கித் தைத்துக்கொண்டே போங்கள். பின்னால் நீண்டு கிடக்கும் நூலைத் தையல்கள் கட்டிவிடும். கிட்டே வந்ததும் முடிச்சைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம்.

ஏற்கனவே தைத்த பகுதி பக்கத்தில் இருந்தால் இந்த வித்தை எதுவும் தேவையில்லை. பின்பக்கம் நாலைந்து தையலுக்கு அடியில் ஊசியை நுழைத்து வந்து ஆரம்பித்துவிடுங்கள்.

முடிப்பது

ஊசியிலிருந்து எட்டு செ.மீ. நூல் இருக்கும்போதே நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒரு தையல்" என்கிற ஆசைதான் பிறகு பாடாய்ப் படுத்தும்.

துணியைத் திருப்புங்கள். கடைசித் தையலை ஒட்டி, அதே நிறத்தின் நான்கு அல்லது ஐந்து கோடுகளுக்கு அடியில் ஊசியை நுழைத்து நூலை இழுங்கள். ஊசி தையல் நூலுக்கு அடியில் மட்டும் போக வேண்டும், துணியைக் குத்தக் கூடாது. முனை மழுங்கியிருப்பது இதற்கும் உதவும். துவைக்கப்போகிற பொருள் என்றால், கடைசிக் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே இரண்டு மூன்று கோடுகளுக்குள் திரும்பவும் நுழைத்துவிடுங்கள். சுவரில் மாட்டப்போவதற்கு ஒரு வழி போதும்.

வெட்டும்போது நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். நீளமாகத் தொங்கினால், அடுத்து அந்தப் பக்கம் வரும் ஊசி அதையும் இழுத்துக்கொண்டு முன்னால் வரும். வெள்ளைப் பூவில் கறுப்பு ரோமம் முளைத்ததுபோல் இருக்கும்.

நிறத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடர் சிவப்பை வெளிர் மஞ்சளின் அடியில் ஓட்டினால் முன்னால் நிழல்போல் தெரியும். அதே நிறம் பக்கத்தில் இல்லையென்றால் அதைவிட அடர்ந்த நிறத்துக்கு அடியில் ஓட்டுங்கள். ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நூலை வெட்டாமல் தாண்டுவதும் இப்படித்தான். மூன்று நான்கு கட்டம் வரை பரவாயில்லை. நடுவில் தைக்காத வெற்றுத் துணி இருந்தால் அதுகூட வேண்டாம், முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எல்லா நூலையும் ஒரே இடத்தில் முடிக்கவும் கூடாது, அங்கே தடித்துப் போய் முடிச்சு போட்ட கதையாகிவிடும்.

அப்புறம், நான் சொன்னதைக் கேட்காமல் கடைசிவரை தைத்து, ஊசியைத் திருப்பக்கூட நூல் இல்லாமல் போய்விட்டால்? பதற வேண்டாம். நூலை ஊசியிலிருந்து கழற்றிவிடுங்கள். வெறும் ஊசியை முதலில் நான்கு கோடுகளுக்கு அடியில் நுழைத்து, காது மட்டும் குட்டை நூலின் பக்கம் வெளியே நிற்கும்படி வையுங்கள். இப்போது நுனியை ஊசிக்காதில் கோர்த்து ஊசியை இழுத்தால் நூலும் உள்ளே போய்விடும். இரண்டு செ.மீ. நூல் இருந்தால்கூட இது நடக்கும்.