நிக்கலோடு கொஞ்சம் இரும்பு: வெயிலில் நீரைப் பிளக்க மலிவான வினையூக்கி

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க, விலை உயர்ந்த பிளாட்டினமும் இரிடியமும் வேண்டும் என்று நினைத்தே பலர் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். காரக் கரைசலில் இரண்டுமே தேவையில்லை. என் மாணவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது நிக்கல்-இரும்புப் பூச்சுதான்.

பெரிய சிக்கல் ஆக்சிஜன் பக்கம்தான். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். அதனால் வோல்ட் அதிகம் வீணாவது நேர்மின்வாயில். அங்கே சுத்தமான நிக்கல் சுமார்தான். நிக்கல் ஆக்சைடில் சிறிதளவு இரும்பு கலந்தாலே ஆக்சிஜன் எளிதாக வெளிவரும் என்று 1987-இல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில், படிகநீர் உள்ள நிக்கல் நைட்ரேட் 0.87 கிராம், ஃபெரிக் நைட்ரேட் 1.21 கிராம் கரையுங்கள். நிக்கல் உப்பு நச்சு. கையுறை கட்டாயம், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நிக்கல் நுரை, அதாவது பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த நிக்கல் துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்துக் கழுவி, இந்தக் கரைசலில் இறக்கி, மின்மூலத்தின் எதிர்மின் முனையில் இணையுங்கள். மறுமுனைக்குக் கிராஃபைட் கம்பி போதும். பின்னால் நேர்மின்வாயாகப் போகும் துண்டை இப்போது ஏன் எதிர்முனையில் வைக்கிறோம்? அங்கே நைட்ரேட் எலக்ட்ரான்களை ஏற்று ஒடுங்கும்போது உலோகத்தை ஒட்டிய நீரில் காரம் ஏறும். நிக்கலும் இரும்பும் ஹைட்ராக்சைடாகப் படியும். மின்னோட்டத்தைக் குறைவாக வையுங்கள், அவசரமாக ஏறிய பூச்சு உதிர்ந்துவிடும். சுமார் 5 நிமிடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் தெரியும்.

நீரைப் பிளக்கும் கலத்துக்கு, லிட்டருக்கு 56 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, காரத்தைச் சிறிது சிறிதாக நீரில் போடுங்கள், நன்றாகச் சூடேறும். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம், குளோரின் வரும். எவர்சில்வரை நேர்மின்வாயாக்கினால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரையக்கூடும். எதிர்மின்வாய்க்குப் பூசாத நிக்கல் நுரை போதும்.

நீரைப் பிளக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட், நடைமுறையில் அதற்கு மேல் வேண்டும். வேலை செய்யும்போது ஒரு சிலிக்கான் சூரிய செல் சுமார் 0.5 வோல்ட் தரும், ஆகவே நான்கைத் தொடராக இணையுங்கள்.

குமிழியைப் பார்த்து வினையூக்கியை எடைபோடாதீர்கள். 10 சதுர சென்டிமீட்டர் மின்வாய் என்றால், சூரியத் தகட்டைச் சாய்த்து மின்னோட்டத்தை 100 மில்லிஆம்பியரில் நிறுத்தி, கலத்தின் குறுக்கே வோல்ட்டைப் படியுங்கள். பூசாத துண்டையும் அதே மின்னோட்டத்தில் வைத்துப் படியுங்கள். அந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் இரும்பின் வேலை.

அதே மின்னோட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 45 மில்லிலிட்டர் ஹைட்ரஜன், அதில் பாதி ஆக்சிஜன் சேர வேண்டும். குறைந்தால் முதலில் குழாய்க் கசிவைத் தேடுங்கள். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். இரண்டு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் பிடித்து, திறந்த வெளியில் செய்யுங்கள்.