வெரிலாக்-ஏ மாடலில் இருபரிமாண அட்டவணை: பிழைச்செய்தி தராத தவறுகள்

வெரிலாக்-ஏ என்பது மின்சுற்று உறுப்புகளின் நடத்தையைச் சிமுலேட்டருக்கு விவரிக்கும் மொழி; அது வெரிலாக்-ஏஎம்எஸ் மொழியின் ஒரு பகுதி. தர அமைப்பான அக்செல்லெரா 2014-இல் வெளியிட்ட வெரிலாக்-ஏஎம்எஸ் 2.4 கையேட்டின் இலக்கணம், ஒரு மாறியை ஒன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களுடன் அறிவிக்க இடம் தருகிறது. ஆனால் எல்லாக் கம்பைலர்களும் அதை ஏற்பதில்லை. அதனால், மாடல் பல சிமுலேட்டர்களில் ஓட வேண்டுமென்றால், அட்டவணையை ஒற்றைப் பரிமாண அணியாக மடக்கி, சுட்டெண்ணை நாமே கணக்கிடுவதுதான் நல்லது. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஒன்றின் மின்னோட்டத்தை 4 நிரை, 6 நிரல் கொண்ட அட்டவணையாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். நிரை, நிரல் இரண்டையும் 0-இலிருந்து எண்ணினால், சுட்டெண் என்பது நிரையை 6-ஆல் பெருக்கி நிரலைக் கூட்டியது. (2,3) என்ற இடத்துக்கு 15. நிரல்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக நிரைகளின் எண்ணிக்கையான 4-ஆல் பெருக்கிவிட்டால் 11 வரும், அது (1,5)-இன் மதிப்பு. இந்தத் தவறான கணக்கில் சுட்டெண் 17-ஐத் தாண்டுவதே இல்லை என்பதால் எல்லை மீறிய பிழை எழாது. கடைசி நிரை முழுவதும் ஒருமுறைகூடப் படிக்கப்படாமலே சிமுலேஷன் முடிந்துவிடும்.

மின்னழுத்தத்திலிருந்து நிரலைக் கண்டுபிடிக்கும் இடமும் அதே அளவு ஆபத்தானது. படி 0.1 வோல்ட் என்றால் 0.28 வோல்ட்டுக்கு 2.8 கிடைக்கிறது, அதை முழு எண் மாறியில் இட்டால் மொழி அதை வெட்டாமல் 3 என்று முழுமையாக்குகிறது, இரண்டு அட்டவணை மதிப்புகளுக்கு நடுவே உள்ளதைக் கணிக்கும் இடைக்கணிப்பின் பின்னம் −0.2 ஆகிவிடுகிறது. கீழ்நோக்கி முழுமையாக்கும் ஃப்ளோர் சார்பை வெளிப்படையாக எழுத வேண்டும். நிரல் எண்ணை 0-க்கும் 4-க்கும் இடையில் கட்டுப்படுத்தவும் வேண்டும், ஏனெனில் 5-இல் நின்று "அடுத்த நிரலை" எடுத்தால் அடுத்த நிரையின் முதல் மதிப்புதான் வரும். இடைக்கணிப்பே செய்யாமல் விட்டால் மின்னோட்டம் படிப்படியாகத் தாவும், சிமுலேட்டர் சமன்பாடுகளைத் தீர்க்கப் பயன்படுத்தும் நியூட்டன் முறை ஒருங்காமல் திணறும்.

கணுக்களின் (மின்சுற்றின் இணைப்புப் புள்ளிகளின்) அணியை லூப்பில் தொடும்போது சாதாரண முழு எண் மாறி போதாது, கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிந்துவிடும் ஜென்வார் என்ற லூப் மாறி தேவை. திடீர் மாற்றத்தை மென்மையாக்கும் டிரான்சிஷன் போன்ற ஆபரேட்டர்கள் தத்தம் கடந்த நிலையைச் சேமிப்பதால், கம்பைல் செய்யும்போதே லூப் விரிக்கப்பட்டாக வேண்டும்.

உண்மைத் தரவை ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு கட்டத்திலும் நிரையை 10-ஆல் பெருக்கி நிரலைக் கூட்டிய எண்ணை நிரப்பி ஒரு டிசி ஸ்வீப் (மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிப் பார்க்கும் சோதனை) ஓட்டிப் பாருங்கள். (2,3)-இல் 23 வராமல், (1,5)-இல் நிரப்பிய 15 வந்தால், பெருக்கிய எண் தவறு.