மஞ்சள் கேப்சூல் வாங்கறதுக்கு மின்ன டப்பாவத் திருப்பிப் பாருங்க

ஈரோட்ல இருந்துட்டு, மஞ்சள் மண்டி கூப்புடு தூரத்துல வெச்சுகிட்டு, ஆன்லைன்ல மஞ்சள கேப்சூலா வாங்கறாருங்க எங்க மாமா. "ஆன்டிஆக்சிடன்ட் மாப்ள, ஒடம்புல இருக்கற துருவெல்லாம் போயிருமாமா"ன்னாரு.

துருன்னு சொல்றது பாதி சரிதான். ஜோடி இல்லாத எலக்ட்ரான் வெச்சுகிட்டு சில மூலக்கூறுங்க செல்லுக்குள்ள சும்மாவே உருவாகிட்டு இருக்கும், பக்கத்துல கொழுப்பு புரதம் டிஎன்ஏ எது இருந்தாலும் அதுகிட்ட எலக்ட்ரானப் புடுங்கும், ஆன்டிஆக்சிடன்ட் தன்னோட எலக்ட்ரான குடுத்து அத அடக்கும். ஆனா ஒடம்புக்கு அந்த மூலக்கூறும் கொஞ்சம் வேணுமுங்க, கிருமியக் கொல்ல, செல்லுக்கு செல் சேதி சொல்ல. அடக்கற வேலைக்கும் குளூட்டாதயோன்னு சொந்த சரக்கு கல்லீரல்ல தயாரா இருக்கு. வெளிய இருந்து கொட்டுனா நல்லதுன்னு நெனச்சுதான் ஃபின்லாந்துல சிகரெட் குடிக்கற 29,133 ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின்னு கேரட்டுக்கு கலர் குடுக்கற ஆன்டிஆக்சிடன்ட மாத்திரையா குடுத்துப் பாத்தாங்க, 1994ல ரிசல்ட் வந்தா அதச் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடிருச்சு. பொகை பிடிக்கறவங்க அந்த மாத்திரைப் பக்கமே போகாதீங்க.

மருந்தா நெசமாவே வேலை செய்யறது எதுன்னா என்-அசிட்டைல்சிஸ்டைன். பாராசிட்டமால் அளவுக்கு மீறி உள்ள போனா கல்லீரல்ல ஒரு விஷப்பொருள் உண்டாகி குளூட்டாதயோன் எல்லாம் தீந்துபோயிரும், இந்த மருந்து அதத் திரும்ப செய்யறதுக்கு கச்சாப்பொருள் குடுக்கும். 8 மணி நேரத்துக்குள்ள ஏத்துனா கல்லீரல் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். அதனால அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா வாந்தி வரல, நல்லாத்தான இருக்கறான்னு வீட்ல ஒக்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மொத நாள் ஒண்ணுமே தெரியாமப் போகலாம்.

இப்ப மஞ்சளுக்கு வாங்க. பொடில குர்குமின், அதான் மஞ்சளுக்கு கலர் குடுக்கற சத்து, சுமாரா 3 சதவீதம், அப்ப ஒரு டீஸ்பூன்ல 90 மில்லிகிராம் வந்தா பெருசு. டப்பாவுல 500 மில்லிகிராம், 95 சதவீதம்னு போட்டிருந்தா ஒரு கேப்சூலே அஞ்சு ஸ்பூன் மஞ்சள். அதுவும் சும்மா முழுங்குனா ஒடம்புல ஏறாது, குடலும் கல்லீரலும் உடனே மாத்தி வெளிய தள்ளிரும். அதுக்குத்தான் பைப்பரின்னு மொளகுச் சத்து சேக்கறாங்க. 1998ல பெங்களூர்ல செஞ்ச ஆய்வுல 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின் குடுத்தா 20 மடங்கு கூட ஏறுச்சு. நம்மாளுங்க படிக்காம விடறது இந்த எடந்தான், ஏன்னா தள்ளற வேலையத்தான் பைப்பரின் தடுக்குது, அப்ப நீங்க சாப்படற மத்த மாத்திரையும் சேத்து ரத்தத்துல கூடத் தங்கலாம்.

அதனால டப்பாவுல பைப்பரின் இருக்கான்னு பாருங்க, இருந்தா மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் ஒறையாம இருக்க மருந்து எடுக்கறவங்க, பித்தப்பைல கல்லு இருக்கறவங்க, கீமோ ஓடிட்டு இருக்கறவங்க கேக்காம தொடவே வேண்டாம். ஆபரேசன் தேதி குறிச்சிருந்தா மின்னாடியே சொல்லிருங்க. இத்தாலில 2019ல மஞ்சள் கேப்சூல் எடுத்தவங்களுக்கு கல்லீரல் வீங்கி கேஸ் வந்துச்சு, கண்ணு மஞ்சளாச்சு, ஒண்ணுக்கு டீ கலர்ல போச்சுன்னா அன்னைக்கே நிறுத்துங்க.

சமையலுக்குன்னா இந்த வெசனமே வேண்டாம். அரிசியும்பருப்புச் சோத்துல எங்க அம்முச்சி மஞ்சத்தூளப் போட்டு, மொளகு தட்டிப்போட்டு, மேல செக்கு கடலெண்ணெய் ஊத்தும், கொழுப்புலதான் குர்குமின் கரையும். தூள மட்டும் கலரப் பாத்து வாங்காதீங்க, பளபளன்னு தெரிய லெட் குரோமேட் கலக்கறவங்க உண்டு, அதுல ஈயம் இருக்கு. விரலி மஞ்சளா வாங்கி, ஒடச்சுக் காயவெச்சு, மில்லுல நின்னு அரைச்சுக்குங்க. மாமா மிச்சமிருந்த ஒரு டப்பாவ ரிட்டர்ன் போட்டுட்டாரு, பிரிச்ச டப்பாவ எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்களாம்.