வாய்க்காத் தண்ணிய லேப்டாப்ல ஓட விடலாம் வாங்க: லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முதல் பாடம்

நமக்கு ஈரோட்டுப் பக்கமுங்க. காலிங்கராயன் வாய்க்கா பாலத்துத் தூணுக்குப் பின்னால தண்ணி ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம்னு மாத்தி மாத்திச் சுழி போடும் பாத்திருப்பீங்க, அதயத்தான் இன்னைக்கு பைத்தான்ல வர வெக்கப் போறோம். தண்ணி ஓட்டத்துக்கு வழக்கமாப் போடற நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டோட மல்லுக்கட்ட வேண்டாம், லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறைல எடத்தக் கட்டங் கட்டமாப் பிரிச்சு, துகள் கூட்டத்த மோத விட்டு நகத்துனாப் போதும்.

மொதல்ல 400க்கு 100 கட்டம் போடுங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் 9 எண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு திசைல போற துகளோட அளவு; ரெண்டு பரிமாணம், ஒம்போது திசைங்கறதால இதுக்கு டி2க்யூ9னு பேரு. அசையாம நிக்கறது ஒண்ணு, எடை 4/9. நேர் திசை நாலுக்கு 1/9, மூலைத் திசை நாலுக்கு 1/36. எடையெல்லாம் கூட்டினா 1 வரோணும், வல்லீன்னா அக்கட்டால போகாதீங்க. கட்டத்துல இருக்கற ஒம்போது எண்ணையும் கூட்டினா அடர்த்தி, திசையோட பெருக்கிக் கூட்டி அடர்த்தில வகுத்தா வேகம்.

அடுத்து மோதல். மோதி அடங்கினா ஒவ்வொரு எண்ணும் வந்து நிக்கற அளவுதான் சமநிலை. சமநிலை = எடை × அடர்த்தி × (1 + 3க + 4.5க² − 1.5வ²). இதுல க திசைக்கும் வேகத்துக்கும் புள்ளிப் பெருக்கல், வ வேகத்தோட அளவு. ஒவ்வொரு எண்ணையும் அதோட சமநிலையப் பாத்து 1/டாவ் பங்கு நகத்துங்க (டாவ்ங்கறது சமநிலைக்கு வர ஆகற நேரம்), அவ்ளோதான். 1954ல வந்த பிஜிகே மாடல் இதுதானுங்க, அதுல இருக்கற 'பி' நம்ம நாட்டு பட்நாகர்.

அப்பறம் நம்பைங்கற பைத்தான் நூலகத்துல இருக்கற ரோல் போட்டு எல்லா எண்ணையும் அதது திசைல ஒரு கட்டம் தள்ளுங்க. தூணுக்குள்ள போனத எதிர்த்திசைக்கு மாத்தி வந்த வழியே அனுப்புங்க. எதிர்த்திசை வரிசைல ஒரு எண்ண மாத்தி எழுதிப்போட்டு நான் ரெண்டு நாள் தூணுக்குள்ள தண்ணி போறதப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். ரோல் வலது ஓரத்துல போனத இடது ஓரத்துல கொண்டாந்து விட்டுரும், அதனால ஒவ்வொரு சுத்துலயும் இடது ஓரத்துக்குச் சமநிலையப் புதுசா எழுதோணும், வலது ஓரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தக் காப்பி பண்ணோணும்.

இப்பத்தான் நெம்பப் பேரு சறுக்கற எடம். பாகுத்தன்மை, அதாவது தண்ணியோட பிசுபிசுப்பு = (டாவ் − 0.5)/3. ரெனால்ட்ஸ் எண் = வேகம் × விட்டம் / பாகுத்தன்மை. தூண் விட்டம் 20, வேகம் 0.1, ரெனால்ட்ஸ் எண் 100னு வெச்சா பாகுத்தன்மை 0.02, டாவ் 0.56. டாவ் 0.5ஐ ஒட்டிப் போனா கணக்கு வெடிச்சிரும், சீக்கிரம் முடியட்டும்னு வேகத்த 0.4க்கு ஏத்துனாலும் வம்புதான், ஏன்னா இங்க ஒலி வேகமே 0.577தான், மாக் எண்ணோட (வேகம்/ஒலி வேகம்) வர்க்கத்துக்குத் தக்கன தப்பும் ஏறும். தூணச் சித்த நடுவு விலக்கி வெச்சு 20,000 சுத்து விடுங்க, சுழி வந்துரும்.

"அண்ணா, இதுலயே அதிர்ச்சி அலை வருமா"ன்னு கேப்பீங்க, ஒலிய முந்திப் போறப்ப வர்ற திடீர் அழுத்த அலை அது. வராதுங்க. டி2க்யூ9ல வெப்பநிலை மாறாது, ஒம்போது திசையும் பத்தாது. டி2க்யூ37 மாதிரி நெறைய வேகம் வேணும், இல்லீன்னா ஆற்றலுக்குன்னு தனியா இன்னொரு எண் தொகுதி வெக்கோணும்.

கம்மங்கூழ் ஓட்டறது அதவிட லேசு. கலக்கக் கலக்க எளகற சாதி அது, அதனால டாவ் எடத்துக்கு எடம் மாறோணும். கட்டத்துல இருக்கற எண்ணுக்கும் சமநிலைக்கும் உள்ள வித்தியாசத்துலயே அங்க எவ்ளோ இழுபடுதுன்னு கெடச்சிரும், பக்கத்துக் கட்டத்தத் தொடவே வேண்டாம்.